பரோலுக்கு ஒரு பரஸ்தானம்

என் மனைவியின் விண்ணப்பத்தில் நான் ஓர் இணைப்பு. அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கேட்டு அவள் போட்ட மனு அது. அவளுடைய படிப்பு, அவளுடைய வேலை, அவளைப் பாராட்டி நாலு பேர் எழுதிய கடிதங்கள். அந்தக் கட்டின் கடைசியில், திருமணச் சான்றிதழுக்கும் தடுப்பூசி விவரத்துக்கும் நடுவில் நான் இருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருவனுக்குத் தன் இடம் எது என்று எழுத்து மூலமாகத் தெரிந்துவிடுவது ஒருவிதத்தில் நிம்மதி.

எட்டு வருஷம் வரிசையில் காத்திருந்து, இந்த மனுவைப் போட்டே இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. அதற்குள் என் பாஸ்போர்ட்டில் இருந்த விசா காலாவதியாகிவிட்டது. அதனால் ஒன்றும் மோசமில்லை. மனு நிலுவையில் இருக்கும்வரை உள்ளே இருந்துகொள்ளலாம். ஆனால் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால், மனுவை நீயே கைவிட்டுவிட்டாய் என்று எடுத்துக்கொள்வார்கள். யாரும் அதட்ட மாட்டார்கள், ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். கைவிடாமல் போய்வர வேண்டுமென்றால் போவதற்கு முன்பே ஓர் அனுமதிக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அட்வான்ஸ் பரோல். தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் சிறையிலிருந்து வெளியே விடுவார்களே, அந்த பரோல்தான். பெயரை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

எனக்கு அந்தக் கடிதம் இரண்டு அசல் பிரதிகளாக வந்திருந்தது. இரண்டிலும் என் புகைப்படம். படத்தைப் பார்த்தால் பரோல் கொடுக்கலாமா என்று எந்த அதிகாரியும் ஒரு நிமிஷம் யோசிப்பார். "ரெண்டையும் ஒரே எடத்துல வெக்காதீங்க" என்று மனைவி சொல்லியிருந்தாள். நான் இரண்டையும் ஒரே உறையில் வைத்தேன். தனியாக இருந்தால் பயப்படுமே.

கடிதம் கையில் இருந்தது, போவதற்குக் காரணம்தான் இல்லை. அதை என் அக்கா ஏற்பாடு செய்தாள். மலையாள நாட்டுத் தலைநகரில், கரமனையில் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். முப்பத்தோரு வருஷம் செக்ரட்டேரியட்டில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவள். அத்திம்பேர் போய் ஆறு வருஷம் ஆகிறது. குழந்தைகள் இல்லை. ஆபரேஷன் படிவத்தில் 'நெருங்கிய உறவினர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட என்னை விட்டால் ஆள் கிடையாது. மனைவிக்கு விடுப்பு இல்லை, மகளுக்குப் பரீட்சை. "போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. இந்த இரண்டு வார்த்தையில் இரண்டாவதை இவ்வளவு அழுத்தி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடிதத்துக்கு அப்போது மீதி ஆயுள் நாலு வாரம்கூட இல்லை. அந்தத் தேதிக்குள் நான் திரும்பி உள்ளே போயாக வேண்டும். இல்லாவிட்டால் மனைவியும் மகளும் அங்கே, இணைப்பு மட்டும் கரமனையில்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அக்கா வீட்டுக்கு வந்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினம் பத்து அடி நடக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். கொல்லத்துப் பக்கத்திலிருந்து ஒரு ஹோம் நர்ஸ் வந்து தங்கினாள். ஐம்பது வயதிருக்கும், சேச்சி என்று கூப்பிட்டோம். மூன்று வாரம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. நான் கிளம்ப வேண்டிய வாரத்தின் திங்கட்கிழமை, அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பிரித்தாள்.

"வெள்ளிக்கிழமை மேக்க சூலம்டா" என்றாள்.

"பிளேன் முதல்ல வடக்க போய்த்தான்க்கா திரும்பும்."

"பைலட் உங்கிட்ட சொன்னானோ? எத்தனை மணிக்கு?"

"பத்து நாப்பது."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். செக்ரட்டேரியட்டில் இந்தக் கண்ணாடி கழற்றலுக்கு எத்தனை குமாஸ்தாக்கள் நடுங்கியிருப்பார்கள் என்று தெரியவில்லை. "வெள்ளிக்கிழமை பத்தரையிலேர்ந்து ராகு காலம். யாராக்கும் இந்த டிக்கெட் எடுத்தது?"

"வெப்சைட்ல நானேதான் எடுத்தேன்."

"வெப்சைட்டுக்குத்தான் அறிவில்லை. உனக்குமா? மாத்து."

மாற்ற முடியாது என்று விளக்கினேன். அதற்கடுத்த இடம் திங்கட்கிழமைதான் இருந்தது. கடிதம் செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. நடுவில் ஒரு விமானம் தாமதமானால் நான் காலாவதியானவனாகத்தான் போய் இறங்குவேன். அக்கா கேட்டுக்கொண்டாள். கெடு தேதி என்ற ஒன்றை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அப்படின்னா புதன்கிழமை காலம்பர பரஸ்தானம் வெச்சுடலாம்" என்றாள்.

பரஸ்தானம் எங்கள் தெருவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நாளில், போகிற திசையில் இருக்கும் வேறொருவர் வீட்டில் பிரயாணியின் பை ஒன்றைக் கொண்டு வைத்துவிட வேண்டும். பை வாசலைத் தாண்டிய நேரம்தான் பிரயாணம் தொடங்கிய நேரம். அப்புறம் அவன் ராகு காலத்தில் கிளம்பினாலும் சரி, சூலத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாலும் சரி, அவன் ஏற்கெனவே கிளம்பிவிட்டவன். நடுவில் பை மட்டும் திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் எல்லாம் ரத்து.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒருவன் எங்கே இருக்கிறான் என்பதை அவன் உடம்பு தீர்மானிக்காமல் ஒரு பை தீர்மானிக்கிறது! பிறகு, நாட்டுக்கு வெளியே கால் வைத்ததும் என் மனு இறந்துபோகும் என்றும், ஒரு தாள் இருந்தால் இறக்காது என்றும் ஓர் அரசாங்கம் சொன்னதை நான் கைகட்டிக் கேட்டு, கட்டணமும் கட்டியவன் என்பது ஞாபகம் வந்து, சிரிப்பைக் குறைத்துக்கொண்டேன்.

"சரி, ஒரு பழைய துண்டு வெச்சா போறாதா?"

"பழைய துண்டு வெச்சா துண்டுதான் பிரயாணம் போகும். உனக்கு இல்லாம முடியாத சாதனம் ஏதாவது வெக்கணும்."

"அப்ப பரோல் லெட்டரத்தான் வெக்கணும்" என்றேன், வேடிக்கையாக.

"வெய்" என்றாள் அக்கா.

என் ஆயுளில் நான் எத்தனையோ நகைச்சுவை சொல்லியிருக்கிறேன். அரசு வேகத்தைவிட வேகமாக அமல்படுத்தப்பட்டது இது ஒன்றுதான். மறுத்திருக்கலாம். ஆனால் மூன்று வாரமாக அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. தண்ணீர்கூடச் சேச்சியிடம்தான் கேட்டாள். போகிறவனைச் சிரமப்படுத்தக் கூடாது என்று ஒரு கணக்கு அவளுக்கு. கேட்டது இது ஒன்று. இரண்டு நாள், நாலு வீடு தள்ளி, ஒரு பை. என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். இந்த 'என்ன ஆகிவிடும்' என்பதை நினைக்கிறவர்களுக்குத்தான் தனியாக ஏதாவது ஆகிறது.

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றில் ஒரு வேஷ்டி, வெற்றிலை பாக்கு, ஒரு ரூபாய் நாணயம், அமெரிக்க அரசின் கடிதம் அசல் இரண்டு ஆகியவற்றை வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மேற்கே நாலாவது வீட்டில் இருக்கும் மாமா உறவு கிடையாது. ஊருக்கே மாமா. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

"பரோலாமே? என்ன கேஸு?" என்று கேட்டுக்கொண்டே பையை வாங்கி ஸ்வாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாமா, நீங்க பிசிக்ஸ் படிச்சவர். இதை நம்பறேளா?"

"பிசிக்ஸ் காலேஜ்ல. இது ஆத்துல" என்றார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மனைவியின் போன். அங்கே முந்தின நாள் ராத்திரி. அவளோடு வேலை பார்க்கும் யாரோ ஒருவரை, கடிதத்தின் நகலை மட்டும் வைத்திருந்ததற்காக விமானத்தில் ஏற்றவில்லையாம்.

"நம்ம ஒரிஜினல் ரெண்டும் பத்திரமா இருக்கில்ல?"

"இருக்கு."

"கையில எடுத்து வீடியோவுல காட்டுங்க. தேதியப் பாக்கணும்."

"இப்ப கையில இல்ல. மாமா வீட்ல இருக்கு."

"எந்த மாமா?"

"நாலு வீடு தள்ளி. மேற்கால."

மனைவி கோயம்புத்தூர்க்காரி. நாட்காட்டியைத் தேதி கிழிக்க மட்டும் உபயோகிக்கும் குடும்பம். நான் முழுக்க விளக்கி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஏங்க" என்றாள் கடைசியில், மெதுவாக. "நான் பத்து வருஷமா இந்த மனுவுக்காக வேல மாறாம உக்காந்திருக்கேன். நீங்க அத ஒரு மஞ்சப்பையில போட்டு ஊர்ல குடுத்துட்டு வந்திருக்கீங்க. இப்ப போயி அதத் திரும்ப வாங்கிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

வாங்கப் போனேன். மாமா வீட்டுக் கதவில் பூட்டு. சின்னப் பூட்டாக இருந்தால் கடைக்குப் போயிருக்கிறார் என்று நினைக்கலாம். இது வெளியூர்ப் பூட்டு. எதிர் வீட்டில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர், விடியற்காலையே மாமாவும் மாமியும் சுசீந்திரம் போய்விட்டதாகச் சொன்னார். அங்கே மாமாவின் அண்ணா வீடு, அப்பாவுக்கு சிராத்தம். மாமாவின் கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. சிராத்தத்துக்கு மடியாக உட்கார்ந்தவர் போனைத் தொட மாட்டார். நாளைக் காலை ஏழு மணிக்கு நான் விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் அறிவுள்ளவன் வீட்டுக்குத் திரும்பி அக்காவிடம் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. ஆபரேஷன் ஆன உடம்பு, ரத்த அழுத்தம் ஏறினால் என்ன செய்வது? அதோடு, சொன்னால் என் முகத்தில் 'உன்னால்தான்' என்று எழுதியிருப்பதை அவள் படித்துவிடுவாள். பெட்டிக்குப் பூட்டு வாங்கத் தம்பானூர் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தம்பானூர் வரை உண்மை. பஸ் நிலையம் அங்கேதான்.

நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஒன்று மட்டும் தீர்மானமாக இருந்தது. மாமா சிராத்தத்தில் இருந்தாலும் சரி, சத்தியாக்கிரகத்தில் இருந்தாலும் சரி, வீட்டுச் சாவியை வாங்காமல் திரும்புவதில்லை. நெய்யாற்றின்கரை, பாறசாலை, மார்த்தாண்டம் என்று பஸ் நின்று நின்று போனது. ஒவ்வோர் இடத்திலும் நான் எழுந்து நின்றேன், பஸ்ஸுக்கு உதவியாக. களியக்காவிளையில் மாநில எல்லையைத் தாண்டும்போது, இந்த எல்லையை எத்தனை தடவை எந்தக் கடிதமும் இல்லாமல் தாண்டியிருக்கிறேன் என்று முதல்முறையாகத் தோன்றியது.

சுசீந்திரம் வீட்டை நான் சேரும்போது பதினொன்றரை. ஹோமப் புகை. உள்ளே மந்திரம். நான் வாசலில் நிற்பதை மாமா பார்த்தார். பேச முடியாது. புருவத்தை மட்டும் உயர்த்தினார். நான் கையால் பூட்டைத் திறப்பதுபோல் சைகை செய்தேன். அவர் பக்தியோடு தலையாட்டிவிட்டு எள்ளை எடுத்தார்.

காத்திருந்தேன். நிலுவையில் இருப்பவனுக்குக் காத்திருப்பதைப் பற்றிக் கற்றுத்தர எதுவும் இல்லை. பிராமணாள் சாப்பிட்டார்கள். நிதானமாகச் சாப்பிட்டார்கள். அவர்கள் சாப்பிட்டு எழுந்து தட்சிணை வாங்கும்வரை கர்த்தா வேறு காரியம் பார்க்கக் கூடாது. ஒருவர் இரண்டாவது தடவை எள்ளுருண்டை கேட்டபோது, என் மனைவியின் பத்து வருஷ உழைப்பு ஓர் எள்ளுருண்டையில் தொங்குவதைக் கண்ணால் பார்த்தேன். ஒன்றே முக்காலுக்கு மாமா வெளியே வந்தார்.

"என்னடா இவ்வளவு தூரம்? அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"மாமா, பை. உங்காத்து சாவி வேணும்."

"பையா? அது எங்காத்துல இல்லையே!"

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"திதி வெள்ளிக்கிழமைன்னு நெனச்சிண்டிருந்தேன். நேத்து சாயந்தரம் அண்ணா போன் பண்ணி வியாழக்கிழமைதான்னான். பூட்டின ஆத்துல பரஸ்தானம் வெக்கப்படாது. விளக்கேத்த ஆள் வேண்டாமோ? ஆரியசாலைல எனக்கு ஒரு சிநேகிதன், மொத்தக் கடை. அவன்கிட்டக் கொண்டு குடுத்துட்டேன். அதுவும் மேக்கதான். ஒண்ணும் தப்பில்லை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா மாமா?"

"உங்கக்காவைக் கேட்டுண்டுதானே செஞ்சேன்! அவதானே சொன்னா, பூட்டின ஆத்துல வேண்டாம்னு. உங்கிட்ட அவ சொல்லலையோ?"

சொல்லவில்லை. ஏன் என்று அப்புறம் தெரிந்தது. "சொன்னா நீ பரிகாசம் பண்ணுவே" என்றாள். முப்பது வருஷமாக நான் எல்லாவற்றையும் பரிகாசம் செய்து சம்பாதித்த பெயருக்கு முதல் தவணையாக எழுபது கிலோமீட்டர் போய், எழுபது கிலோமீட்டர் வந்தேன்.

மாமா சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். சாப்பிடாமல்தான் கிளம்பினேன். திரும்பி வருகிற பஸ்ஸில் மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாள். அங்கே விடியவே இல்லை. தூங்காமல் இருக்கிறாள் என்று அர்த்தம். மூன்றாவது தடவை எடுத்து, "இருக்குமிடம் தெரிஞ்சுடுச்சு" என்றேன். "இருக்குமிடம் நேத்தே தெரியும்னீங்க" என்றாள்.

ஆரியசாலையில் நான் இறங்கும்போது மணி ஐந்தரை. மிளகாய் மூட்டை நெடிக்கு நடுவில் தும்மிக்கொண்டே கடையைக் கண்டுபிடித்தேன். நாஞ்சில் நாட்டு அண்ணாச்சி ஒருவர் கல்லாவில் உட்கார்ந்து மொத்த விலைக்குப் பெருங்காயம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது அவருக்கு.

"பரோல் சாமியா? வாரும்."

"அண்ணாச்சி, பை பத்திரமா இருக்கா?"

"அதுக்கென்ன கேடு? நல்ல சொகமா இருக்கு. நீருதான் வேர்த்து விறுவிறுத்து நிக்கீரு. எங்கேருந்து வாறீரு?"

"சுசீந்திரத்துலேருந்து."

அவர் கடைப் பையன் மட்டுமல்ல, தெருவே கேட்கும்படி சிரித்தார். "பையி ஆரியசாலையில இருக்கு, ஆளு சுசீந்தரத்துல தேடுகாரு! வீட்டுல அக்காட்ட ஒரு வார்த்த கேட்டா தீந்துதுல்லா? அமெரிக்காக்காரன் எப்பிடிய்யா உம்மள உள்ள விடுகான்?"

இதே கேள்விக்குத்தான் இரண்டு வருஷமாக அங்கே ஒரு ஃபைல் திறந்து கிடக்கிறது என்று சொல்ல வாய் எடுத்து, அடக்கிக்கொண்டேன். கல்லாவுக்குப் பின்னால் ஸ்வாமி படங்கள் இருந்த பலகையில், எண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில், மஞ்சள் பை. அதன்மேல் ஒரு முழம் பிச்சிப்பூ. "நல்ல காரியத்துக்கு வெச்ச பையில்லா? சும்மா வெக்கப்படாதுன்னு நாந்தான் போட்டேன்" என்றார். உறையைப் பிரித்தேன். இரண்டு அசல்கள். இரண்டிலும் என் முகம், நான் சந்தேகப்பட்டதுபோலவே அசடு வழிந்துகொண்டு. அந்த முகத்தைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அங்கேயே தீர்மானித்தேன். இனி இந்தப் பை என் கையை விட்டு இறங்காது. படம் எடுத்து மனைவிக்கு அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடித்துக் கரமனைக்கு வந்தேன். வீட்டு கேட்டில் கை வைத்ததும் உள்ளேயிருந்து அக்காவின் குரல்.

"நில்லுடா அங்கே!"

வாசல் கதவில் வாக்கரோடு நின்றாள். மாமா சுசீந்திரத்திலிருந்து போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். "பூட்டு வாங்கப் போறேன்னு எங்கிட்டப் பொய் சொன்னியோ? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா உன் வாய் முத்து உதிர்ந்துடுமா?"

"தப்புதான்க்கா. உள்ள வந்து பேசறேன்."

"நீ வா. பை வரப்படாது."

"பையை விட்டுட்டு நான் வரமாட்டேன்."

"பை உள்ள வந்தா நீ கிளம்பினது கிளம்பாத மாதிரி. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுக்கு இனி நாள் இல்லை."

"சேச்சி கையில குடுத்து அடுத்த ஆத்துல வெக்கலாமேன்னு சொல்லாதே. இனிமே ஒரு ஆத்துலயும் வெக்க மாட்டேன்."

"நான் சொல்லவே இல்லையே."

சேச்சி அக்காவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "சார் இப்போ அகத்தோ, புறத்தோ?" என்று கேட்டாள். உள்ளேயா, வெளியேயா. நியாயமான கேள்வி. மூன்று வாரம் நான் தூங்கிய கட்டில் பதினைந்தடி தூரத்தில் தெரிந்தது. என் செருப்பு ஒரு ஜோடி வாசற்படிக்கு உள்பக்கம் இருந்தது. நான் போகலாம். கையில் இருக்கும் தாள் போகக்கூடாது. கையில் தாள் இல்லாமல் நான் நாளை எங்கேயும் போகமுடியாது. உலகத்தில் எனக்கு இருக்கிற இரண்டு வீடுகளும் ஒரே கேள்வியை இரண்டு பாஷையில் கேட்கின்றன என்று தோன்றியது. கோபம்கூட வந்தது. இத்தனை வயதில் தெருவில் நின்றுகொண்டு, ஒரு மஞ்சள் பைக்காக.

"அக்கா, நிஜமாவே இதெல்லாம் நம்பறியா நீ?"

வாக்கரைத் தூக்கி ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"முப்பத்தோரு வருஷம் ஃபைல் பாத்திருக்கேன். எல்லாம் சரியா இருக்கும், ஒரு பேப்பர் இருக்காது. ஆள் வாசல்ல நின்னு அழுவான். 'அது தேவையா சார்?'னு கேப்பான். தேவையோ இல்லையோ, வெச்சிருந்தா திருப்பி அனுப்பியிருக்க மாட்டா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ அங்கே வாசல்ல நிக்கும்போது ஒரு பேப்பரும் குறையப்படாது. அவா கேக்கறதும் இருக்கணும், கேக்காததும் இருக்கணும்."

நான் கேட்டிலிருந்து கையை எடுத்தேன்.

"சரி" என்றேன். "நான் உள்ள வரலை. தம்பானூர்ல லாட்ஜ்ல தங்கிக்கறேன். பெட்டியைச் சேச்சிகிட்ட வெளிய குடுத்துவிடு."

அவள் முகம் ஒரு கணம் விழுந்தது. கடைசி ராத்திரி வெண்டைக்காய்ப் புளிக்கூட்டு செய்வதாக இருந்தாள், சேச்சிக்கு நாற்காலியிலிருந்து உத்தரவு போட்டு. ஆனால் "வேண்டாம், வா" என்று சொல்லவில்லை. நானும் பையைக் கீழே வைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பிடிவாதம் இருபாலாருக்கும் சமமாகப் பங்கு வைக்கப்பட்டிருக்கிறது.

சேச்சி பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். டப்பாவில் புளிக்கூட்டும் சாதமும் வந்தது. அப்புறம் அக்காவும் வந்தாள். வாசற்படி இரண்டையும் சேச்சியின் தோளைப் பிடித்து இறங்கி, வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து, கேட்வரை. பத்து அடிக்கு மேல் வேண்டாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். "எண்ணிண்டிருக்காதே" என்றாள். கேட்டின் கம்பிகளுக்கு மேலாக என் நெற்றியில் விபூதி இட்டாள்.

"போய்ட்டு வா. எது கேட்டாலும் ஒழுங்கா பதில் சொல்லு. வேடிக்கை பேசாதே."

லாட்ஜில் பையைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை விமான நிலையத்தில், கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "விசா தீர்ந்துபோயிருக்கே சார்" என்றாள். நான் உறையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். "இது பரோல்" என்றேன். அவள் கடிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்துக் கவுண்டரைப் பார்த்தாள். மேலதிகாரி வந்தார். அவர் யாரையோ கூப்பிட்டார். "ஒரிஜினலா?" என்று கேட்டார். "ரெண்டு இருக்கு" என்றேன். இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாற்பது நிமிஷம் நான் ஓரமாக நின்றேன். வேடிக்கை பேசவில்லை. நாக்கு நுனியில் ஐந்தாறு இருந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்பது மணிக்கு என் கையில் இருக்கைச் சீட்டைக் கொடுத்தார்கள். ராகு காலத்தில் விமானம் மேற்கே கிளம்பியது.

மறுமுனையில் வரிசையிலிருந்து என்னைப் பிரித்து ஓர் அறைக்கு அனுப்பினார்கள். கடிதத்தோடு வருகிற எல்லோரும் அங்கேதான் போக வேண்டும். வரிசையாக நாற்காலிகள். போனை எடுக்கக் கூடாது. கைக்குழந்தையோடு ஒரு பெண், கோட்டுப் போட்ட ஒரு கிழவர், நான். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு என் பெயர்போல ஒலித்த ஏதோ ஒன்றைக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்காததால் நான் எழுந்தேன்.

அதிகாரி என்னைவிட இளையவர். எதற்காகப் போனாய் என்று கேட்டார். அக்கா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது என்றேன். மருத்துவமனைத் தாள்கள் இருக்கிறதா என்றார். இருந்தன. கையெழுத்து முத்திரையோடு, தேதி வாரியாக, அக்காவே அடுக்கி நாடா கட்டிக் கொடுத்தது. அவர் நாடாவை அவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, மறுபடி அடுக்கினார். பிறகு எந்தப் படிவத்திலும் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"இப்போது அவளோடு யார் இருக்கிறார்கள்?"

"ஒரு நர்ஸ்" என்றேன். "நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர்." அதற்குமேல் ஆள் இல்லை. இருப்பதுபோல் சொல்ல நினைத்தேன், வரவில்லை.

அவர் தலையை மட்டும் அசைத்தார். கடிதத்தில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, மற்றதில் முத்திரை குத்தி, எதுவரை உள்ளே இருக்கலாம் என்று தேதி எழுதித் தந்தார். ஒரு வருஷம்.

வெளியே மனைவி நின்றுகொண்டிருந்தாள். மூன்று நாளாகத் தூங்காத கண். எதுவும் கேட்காமல் கையை நீட்டினாள். பெட்டியைக் கொடுத்தேன். "அது இல்ல" என்றாள். உறையைக் கொடுத்தேன். அதைத் தன் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அன்றிலிருந்து அது என்னிடம் இல்லை.

கார் நிறுத்துமிடத்திலிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து காபி நேரம்.

"உள்ள விட்டானா?"

"விட்டான்க்கா. ஒரு வருஷத்துக்கு."

"அப்பறம்?"

"அதுக்குள்ள முடிவு வரணும். வரலைன்னா மறுபடி கேக்கணும்."

"கேளு. கேக்கறதுக்கு என்ன?" என்றாள். பின்னால் வாக்கரின் கால்கள் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. நடந்துகொண்டே பேசுகிறாள். "டாக்டர் இன்னொரு இடுப்பையும் படம் எடுத்துப் பாக்கணுங்கறார். அது எப்போன்னு தெரியலை. நீ ஒண்ணும் ஓடி வரவேண்டாம், கேட்டியா."

வெளியே போய்வரப் பழைய கடிதத்துக்கு இருந்த ஆயுள் செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது. புதன்கிழமை காலை நான் புதுக் கடிதத்துக்கான படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். வக்கீல் அவசரமில்லை என்றார். மனைவி எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தாள். பெயர், பிறந்த ஊர், நிலுவையில் உள்ள மனுவின் எண். பயணத்தின் காரணம் எழுத ஒரே ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, எத்தனை பயணத்துக்கு அனுமதி வேண்டும் என்று இரண்டு கட்டங்கள். ஒன்று. ஒன்றுக்கு மேல்.

மனைவியைப் பார்த்தேன். "என்னப் பாத்து என்ன? போடுங்க" என்றாள்.

இரண்டாவது கட்டத்தில் அழுத்தமாகக் குறியிட்டேன்.